டொல்பின் வானுக்கு மெனிபோல்ட் நாமளே ஒட்டினா ஸ்டெயின்லெஸ்ஸா, இரும்பா?

டச்பே வான்

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை டவுனுக்குள்ள சின்ன வெல்டிங் பட்டறை வச்சிருக்கிறன். கேற், கிறில், மாடிப்படிக் கைபிடி, இடைக்கிட லொறி பொடி வேலை. எக்சோஸ்ட் மெனிபோல்ட், அதுதான் இஞ்சின் ஹெட்டில புகை வெளியேறுற ஓட்டைகளை (போர்ட்) ஒண்டாச் சேத்து சைலன்சர் பக்கம் கொண்டு போற குழாய், இதுவரைக்கும் செய்ததில்ல. இப்ப அப்பாட வானுக்குச் செய்ய வேண்டி வந்திருக்கு.

வான் டொயோட்டா டொல்பின், 3எல் எண்ட மொடல் டீசல் இஞ்சின், டேர்போ இல்ல. கோணேசர் கோயிலுக்கு வாற ஆக்களைக் கன்னியா, நிலாவெளி எண்டு கொண்டு போறது, கொழும்பு ஹயர், மாசத்தில ஒண்டு ரெண்டு கண்டி. வீட்டுச் சீவியம் அதிலதான் ஓடுது.

வார்ப்பிரும்பு மெனிபோல்ட் ரெண்டாம் போர்ட்டுக்கும் மூண்டாம் போர்ட்டுக்கும் நடுவில அடிப்பக்கமா வெடிச்சிருக்கு. முதல் வெடிப்பை ஒரு பட்டறையில நிக்கல் ரொட் போட்டு ஒட்டித் தந்தாங்க. ரெண்டு மாசம். பிறகு வேற ஒரு இடத்தில பித்தளை ஊத்தினது. அது ஒரு மாசம்கூட நிக்கல்ல. காலையில ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக் எண்டு சத்தம், சூடேறக் குறையுது. பிரச்சினை சத்தம் இல்ல. இந்த வான்ல இஞ்சின் முன் சீற்றுக்குக் கீழதானே. புகை மணம் உள்ளுக்க வருது. போன மாசம் அம்மா முன்னுக்கு இருந்து கொழும்பு போய் வந்திட்டு ரெண்டு நாள் தலையிடி எண்டு படுத்திட்டா. அதுக்குப் பிறகு நான் வானை ஹயருக்கு விட வேணாம் எண்டு சொல்லிட்டன்.

கழட்டின சாமானாத் தேடிப் பாத்தன். ரெண்டு கிடைச்சது. ரெண்டிலயும் அதே இடத்தில மயிர் போல வெடிப்பு.

என்னட்ட 200 அம்பியர் இன்வேட்டர் இருக்கு. ரொட்டால ஒட்டுற ஆர்க்கும், ஆர்கன் வாயு விட்டுக் கம்பியால ஒட்டுற டிக்கும் (TIG) செய்யலாம். ஆர்கன் சிலிண்டர் இருக்கு, ட்ரில் ஸ்டாண்ட் இருக்கு, மில்லிங் இல்ல. கைபிடி வேலையில மிஞ்சின ஒண்டரை அங்குல ஸ்டெயின்லெஸ் பைப் கொஞ்சம் கிடக்கு, சுவர் 1.2 மிமீ. கூட்டாளி ஒருத்தன் 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸில, ஸ்கெடியூல் 10 எல்போ எடுத்துத் தரலாம் எண்டுறான் (ஸ்கெடியூல் எண்டது சுவர்த் தடிப்பு இலக்கம்). மைல்ட் ஸ்டீல், அதுதான் சாதாரண இரும்பு, ஸ்கெடியூல் 40 எல்போ மூண்டில ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும்.

வீடு கடலுக்குக் கிட்ட. கேற் கொழுவி ரெண்டு வருசத்துக்கு மேல நிக்காத இடம். அதால என்ட மனம் ஸ்டெயின்லெஸ் பக்கம்தான். சரியா? ஹெட்டில பூட்டுற தகடு, அதுதான் பிளேஞ்ச், எத்தின மிமீ போடுறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

கிண்ணியா கராஜ்

தம்பி, கைபிடி பைப்பை மட்டும் தொடாதீங்க. 1.2 மிமீ சுவர் மாடிப்படிக்குக் காணும், மெனிபோல்ட்டுக்கு காணாது. அதோட கைபிடிக்கு வாறதில கனக்க 304 எண்டு சொல்லி விக்கிற 201 ரகம். மினுக்கம் ஒண்டுதான் ஒரே மாதிரி.

இன்னொண்டு. இரும்பு வாங்கினா கறுப்புப் பைப் வாங்குங்க. பழைய கிணத்து லைன்ல கழட்டின நாகம் பூசின பைப் சும்மா கிடக்கெண்டு அதில ஒட்டிப் போடாதீங்க. எங்கட கராஜில ஒரு பொடியன் அப்படி ஒட்டினவன், அண்டைக்கு இரவு குளிர்காய்ச்சல் வந்து நடுநடுங்கிக் கிடந்தான். நாகம் 907 பாகையில கொதிச்சு ஆவியாகிடும், அந்த வெள்ளைப் புகைதான் ஆளைப் போட்டது. அடுத்த நாள் பின்னேரம் எழும்பிட்டான், ஆனா அந்த இரவு அவன்ட உம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

3எல் ஹெட் ஒண்டு வெடிச்சு எறிஞ்சது எங்கட கராஜ் மூலையில கிடக்கு. வளையாமப் பூட்டிப் பிடிக்கிற ஜிக் மாதிரி வச்சு ஒட்ட வேணுமெண்டா வந்து தூக்கிட்டுப் போங்க, முடிய திருப்பித் தாங்க.

கொட்பே போட்

எங்கட பலநாள் வள்ளத்துக்கு 304ல எக்சோஸ்ட் பைப் அடிச்சம். ஒரு வருசத்தில ஊசி குத்தின மாதிரி ஓட்டை. பிறகு 316 போட்டம், அது நிக்குது. கடலுக்குக் கிட்ட எண்டா 316தான் தம்பி.

பாலையூற்று வெல்டர்

தம்பி, ஆறுதலா வாசியுங்கோ, கொஞ்சம் நீளமா எழுதப் போறன். சவூதியில ஜுபைலில ஏழு வருசம் பைப்லைன் வெல்டரா நிண்டிட்டு வந்து, பாலையூற்றில பட்டறை போட்டு இப்ப இருபது வருசம் தாண்டிட்டு. இந்த விசயத்தில நான் ஒருக்கா ஒரு மனிசனுக்குப் பெரிய நட்டம் வச்சனான். அதைச் சொன்னாத்தான் நான் ஏன் இப்படிச் சொல்லுறன் எண்டு விளங்கும்.

வந்த புதிசில கந்தளாய்ப் பக்கத்து நெல் லொறி ஒண்டுக்கு மெனிபோல்ட் செய்தன். ஸ்டெயின்லெஸ் 304. ஜுபைலில படிச்ச கை, ஒட்டு வெளியில சில்லறைக் காசை அடுக்கி வச்ச மாதிரி, பொன் நிறத்தில இருந்தது. பிளேஞ்ச் 6 மிமீ தகடு, நாலு போர்ட்டுக்கும் ஒரே துண்டு. ஒண்டிலயும் இறுக்காம மேசையில வச்சே ஒட்டினன். ஆறினாப் பிறகு பாத்தா ரெண்டு நுனியும் 4 மிமீ கிளம்பி நிக்குது. ஹெட்டில நிக்கிற மரைக் கம்பிகளில, அதுதான் ஸ்டட்டில, போட்டு இறுக்கினா வந்து குந்தும்தானே எண்டு இறுக்கிட்டன். குந்தினதுதான். பத்தொன்பதாம் நாள் கடைசி ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிஞ்சு போச்சு, நாலாம் போர்ட்டில ஒட்டின ஓரத்தைச் சுத்தி பைப் வெடிச்சிட்டு. ஹெட்டைக் கழட்டித்தான் முறிஞ்ச ஸ்டட்டை எடுக்க முடிஞ்சது. அறுவடைக் காலம். அந்த மனிசனுக்கு அந்தப் போக ஹயர் முழுக்கப் போச்சு. ஒரு வார்த்தை ஏசேல்ல. பட்டறை வாசல்ல இருந்து தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போனார். இண்டைக்கும் கந்தளாய் பஸ்ஸைக் கண்டா எனக்கு அந்த முகம்தான் வரும்.

வெடிச்ச பைப்பைப் பிறகு நீளப்பாட்டுக்கு அறுத்துப் பாத்தன். வெளியில பொன். உள்ளுக்க அடிப்பிடிச்ச சீனிப்பாகு மாதிரி கறுத்து, பொரிஞ்சு, முள்ளு முள்ளா நிக்குது. வெடிப்பு அந்தப் பொரிஞ்ச இடத்தில தொடங்கித்தான் வெளியில வந்திருக்கு. டிக் பிடிக்கேக்க வெளிப்பக்கத்துக்கு கப்பிலயிருந்து ஆர்கன் வருது. உள்பக்கத்துக்கு ஒண்டும் இல்ல, வெறும் காத்து. உருகின ஸ்டெயின்லெஸ்ஸில இருக்கிற குரோமியம் அந்தக் காத்தில எரிஞ்சு போகும். ஜுபைலில உள்ளுக்க ஆர்கன் விடாம ஒரு ஒட்டும் போட விடமாட்டாங்கள். ஊருக்கு வந்து, சிலிண்டர் விலையைப் பாத்து, அதை விட்டது என்ட பிழை.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது எண்டதை மட்டும் வச்சு முடிவெடுக்காதேங்கோ. மெனிபோல்ட் சாகிறது துருவால இல்ல, இழுபறியால. சூடேற நீளும், ஆறச் சுருங்கும், பிடிச்சிருக்கிற ஹெட்டுக்குள்ள தண்ணி ஓடுறதால அது 90, 100 பாகைக்கு மேல போகாது. போர்ட் ஒண்டிலயிருந்து நாலு வரைக்கும் ஒரு 350 மிமீ எண்டு வையுங்கோ. பைப் ஹெட்டை விட 500 பாகை அதிகமாச் சூடேறினா மைல்ட் ஸ்டீல் 2 மிமீ சொச்சம் நீளும். 304 எண்டா 3 மிமீ தாண்டும். கிட்டத்தட்ட ஒண்டரை மடங்கு. அதோட 304 சூட்டைக் கடத்துறது இரும்பு கடத்துறதில மூண்டில ஒரு பங்குதான். ஒட்டுற இடத்தில சூடு அப்படியே தேங்கி நிக்கும், அதாலதான் அந்தளவு வளையுது. என்ட பிளேஞ்ச் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சதுக்கு இந்த ரெண்டும்தான் காரணம்.

கடல் விசயம். கொட்பே தம்பி சொல்லுற 316 அவருக்குச் சரி. அதில 2, 3 சதவீதம் மொலிப்டினம் இருக்கு, உப்புக் குத்துறதுக்கு நிண்டு பிடிக்கும். ஆனா நீங்கள் கேக்கிறது வள்ளம் இல்ல. 304, 316 ரெண்டுக்கும் ஒரு குணம் இருக்கு: உப்பும் இழுவையும் 60 பாகைக்கு மேல சூடும் ஒண்டாச் சேர்ந்தா, துருவே தெரியாம மயிர் வெடிப்பு விடும். உங்கட வீட்டு வாசல்ல உப்பு ஓசியாக் கிடைக்குது, சூடும் இழுவையும் வான் தருது. இரும்பு எண்டா வெளியில சிவந்து கண்ணுக்குத் தெரிஞ்சு தேயும், மூண்டரை மிமீ சுவர் தேயக் கன வருசம் எடுக்கும்.

304ல இன்னொரு சங்கதியும் இருக்கு. 425க்கும் 815க்கும் இடைப்பட்ட சூட்டில கனநேரம் நிண்டா அதிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடிச்சு உலோகத்துக்குள்ள இருக்கிற பொடி மணிகளின்ட ஓரங்களில கட்டி வச்சிரும், அந்த ஓரங்களில உலோகம் வீக்காயிடும். மெனிபோல்ட் வேலை செய்யிறதே அந்தச் சூட்டிலதான். அதுக்குத்தான் டைட்டானியம் சேர்த்த 321 எண்டு ஒண்டு இருக்கு. அது கிடைச்சா எடுக்கலாம், இங்க ஹார்ட்வெயாரில கேட்டா உங்கட முகத்தைப் பாப்பாங்கள். கார்க் கொம்பனிகள் எக்சோஸ்ட்டுக்குப் போடுற ஸ்டெயின்லெஸ் கனக்க 409. காந்தம் பிடிக்கும், இரும்பு நீளுற அளவுதான் அதுவும் நீளும். கொம்பனிக்காரனே நீளுறதைப் பாத்துத்தான் உலோகம் தெரிவு செய்யிறான் எண்டதைக் கவனியுங்கோ.

பெற்றோல் டேர்போ இஞ்சின் எண்டா நான் வேற மாதிரிச் சொல்லியிருப்பன். அதில வாயு 900 பாகைக்குக் கிட்டப் போகும், மைல்ட் ஸ்டீல் 550க்கு மேல செதில் செதிலா உரியத் தொடங்கும், அந்தச் செதில் டேர்போச் சில்லுக்குள்ள போகும். அங்க ஸ்டெயின்லெஸ் வேணும், உள்ளுக்க ஆர்கனும் வேணும். டேர்போ இல்லாத டீசலில அந்தச் சூடு இல்ல. கண்டிப் பாதையில பலகடுவ ஏத்தத்தில நிறைஞ்ச வானோட ஏறேக்க மட்டும் வாயு 600 தாண்டும், இறங்க ஆறிடும்.

அதால உங்கட வானுக்கு மைல்ட் ஸ்டீல், ஸ்கெடியூல் 40, ஒட்டுற எல்போ. மரை போட்ட தண்ணிக் குழாய் எல்போ இல்ல, ஓரம் சரிச்சு வாற எல்போ எண்டு சொல்லிக் கேளுங்கோ. ஒண்டேகால் அங்குலம் எண்டு விக்கிறதின்ட வெளிவிட்டம் 42.2, சுவர் 3.56, உள்ளுக்க 35 மிமீ. ஒண்டரை எண்டா வெளியில 48.3, உள்ளுக்க 40.9. கெஸ்கெட்டை ஹெட்டில வச்சு போர்ட்டை அளந்து, அதை விடச் சின்னதாப் போகாத பைப்பை எடுங்கோ.

பிளேஞ்ச் 12 மிமீ. 10க்குக் கீழ வேணாம். கெஸ்கெட்டை மேல வச்சுக் கீறி, சுத்தவர ட்ரில் அடிச்சு எடுக்கலாம். நடுவில ரெண்டு ஓட்டை மட்டும் ஸ்டட்டுக்கு இறுக்கமா இருக்கட்டும். மற்றதெல்லாம் 1.5 மிமீ பெரிசா அடியுங்கோ, ஓரத்து ஓட்டைகள் இன்னும் கொஞ்சம். நீளுறதுக்கு இடம் விடாட்டி அது தானே இடம் எடுக்கும், எடுக்கிறது ஸ்டட்டை முறிச்சு.

கிண்ணியாத் தம்பி தாறன் எண்ட ஹெட் பெரிய உதவி. அதில பழைய கெஸ்கெட்டோட பிளேஞ்சை முழு இறுக்கத்தில பூட்டி, அதிலேயே எல்லா டாக்கும் (பொட்டு ஒட்டு) வையுங்கோ, அதிலேயே ஒட்டுங்கோ. ஒரு போர்ட்டை முழுக்கச் சுத்தி முடிக்க வேணாம். ஒண்டில கால்வாசி, பிறகு நாலில, பிறகு ரெண்டில, மூண்டில, திரும்ப ஒண்டு. கை வைக்கிற சூடு தாண்டினா எழும்பித் தேத்தண்ணி குடியுங்கோ. முடிஞ்சதும் நட்டைக் கழட்டாதேங்கோ, ஒரு இரவு அப்படியே ஆறட்டும். அப்பவும் கொஞ்சம் கிளம்பும், மில்லிங் உள்ள இடத்தில ஒரு சீவு சீவ வேணும். எல்லாம் முடிஞ்சாப் பிறகு போர்ட்டுக்குப் போர்ட் இடையில பிளேஞ்சைக் கிரைண்டரால அறுத்து விடுங்கோ. நாலும் தனித்தனியா நிக்கட்டும். அப்ப பைப் நீளேக்க எல்போ கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், ஸ்டட்டில பாரம் ஏறாது.

ஓரத்தை 30 பாகை சரிச்சு, 2 மிமீ இடைவெளி விட்டு, டிக்கில 2.4 மிமீ கம்பியோட ரூட், அதுதான் முதல் அடி ஒட்டு. நான் 85, 90 அம்பியரில பிடிப்பன். ஆர்கன் நிமிசத்துக்கு 8 லீற்றர். கம்பி 70எஸ்-2 அல்லது 70எஸ்-6. கச்சான் காத்தடிக்கிற நேரம் பட்டறை வாசலை மூடாம டிக் தொடாதேங்கோ, ஆர்கனைத் தள்ளிக்கொண்டு போயிடும், ஒட்டுக்குள்ள தேன்கூடுதான் வரும். பிரேக் கிளீனர் அடிச்சுத் துடைச்ச இரும்பில ஆர்க் பத்த வைக்கவே வேணாம், குளோரின் சேர்ந்ததா இருந்தா வாற புகை நெஞ்சைத் தின்னும். அசிற்றோன் காணும்.

பித்தளை ஏன் நிக்கேல்ல எண்டு கேக்காமலே சொல்லுறன். அது 900 பாகைக்குக் கிட்டத்தான் உருகும், ஆனா அதுக்குக் கன முந்தியே இளகிப் பலத்தை விட்டிடும். நிக்கல் ரொட் நல்ல சாமான், ஆனா ஒட்டினதுக்குப் பக்கத்தில வார்ப்பு கண்ணாடி மாதிரி இறுகி நிக்கும், அடுத்த வெடிப்பு அதிலதான் தொடங்கும்.

இவ்வளவும் சொல்லிட்டன், ஆனா முதல் வேலை இது எதுவும் இல்ல. வானுக்குக் கீழ படுத்து, இஞ்சின் மவுண்டையும் சைலன்சர் பைப் தொங்குற இடங்களையும் பாருங்கோ. மூண்டு மெனிபோல்ட்டும் ஒரே இடத்தில வெடிச்சிருக்கெண்டா அது வார்ப்பின்ட வீக்கான இடம், சரி. ஆனா ஒட்டினது ரெண்டு மாசத்தில திரும்ப வெடிக்க ஆரோ கீழ இருந்து இழுக்கிறாங்கள். பைப்பின்ட பாரத்தை மெனிபோல்ட் தூக்கினா நீங்கள் தங்கத்தில செய்து போட்டாலும் வெடிக்கும்.

மூதூர் உழவு மெசின்

ஐயா, என்னட்ட டிக் இல்ல, ஆர்க் மட்டும்தான். இரும்பு எண்டா ஆர்க்கில ஒட்டலாமா? கசடு உள்ளுக்க விழாதா?

பாலையூற்று வெல்டர்

ஒட்டலாம். 7018 ரொட், 2.5 மிமீ, 80 அம்பியரில தொடங்குங்கோ. ரொட் ஈரம் பிடிக்காம இருக்க வேணும், பெட்டி திறந்து மாசக்கணக்காக் கிடந்ததைப் போட வேணாம். உள்ளுக்கக் கசடும் மணியும் கட்டாயம் விழும். டேர்போ இல்லாட்டி அது சைலன்சருக்குள்ள போய்க் கிடக்கும், பெரிசா ஒண்டும் செய்யாது. டேர்போ இருக்கிற இஞ்சினுக்கு ரூட் டிக்கில பிடிச்சிட்டு மேல ஆர்க் போடுங்கோ, ஒரு கசடு மணி சில்லில பட்டாலே முடிஞ்சுது.

டச்பே வான்

ஒரு மாசம் கழிச்சு எழுதுறன், மன்னிக்க வேணும்.

ஐயா, நீங்க சொன்ன அண்டைக்கு இரவே டோர்ச்சோட வானுக்குக் கீழ போனன். கியர்பொக்ஸுக்குப் பக்கத்தில பைப்பைத் தாங்குற பிராக்கெட் இல்லவே இல்ல. ரெண்டு போல்ட் ஓட்டையும் கிரீஸ் அடைச்சுக் கிடக்கு, கழண்டு விழுந்து கன காலம் போல. இடப்பக்க மவுண்ட் ரப்பர் நசிஞ்சு, இஞ்சின் அந்தப் பக்கமாச் சாய்ஞ்சிருக்கு. ரேஸ் பண்ணிப் பாக்கச் சொல்லித் தம்பியிட்ட சொன்னன். இஞ்சின் ஆடுற ஆட்டம் முழுக்க மெனிபோல்ட்டுக் கழுத்திலதான் போய் நிக்குது. அவ்வளவு நாளும் நான் மேல இருந்துதான் பாத்திருக்கிறன், ஒருக்காவும் கீழ போகல்ல. மவுண்ட் ரெண்டும் மாத்தி, பிராக்கெட் புதுசா அடிச்சு, மெனிபோல்ட்டுக்குப் பிறகு நெளியிற பைப் ஒரு துண்டும் போட்டிருக்கிறன்.

மைல்ட் ஸ்டீலில செய்தன். கிண்ணியா நானாட ஹெட்டைத் தூக்கிட்டு வந்தன். அவர் ஹெட்டோட பழைய ஸ்டட்டும் நட்டும் ஒரு பையில போட்டுத் தந்தார், காசு வாங்கல்ல. முதல் ரூட் பிழைச்சிட்டு. வாசலை மூடச் சொன்னதை வாசிச்சுப்போட்டும் பாதி மூடித்தான் பிடிச்சன். கச்சான் பின்னேரம் ரெண்டு மணிக்கு எழும்பினது, ஒட்டு முழுக்க ஊசி ஓட்டை. அறுத்தெடுத்து, தறப்பாள் கட்டி, அடுத்த நாள் விடிய அஞ்சு மணிக்குத் தொடங்கினன். காத்தே இல்ல. உருகின இரும்புக் குளம் தெளிவா நிண்டது, கம்பியைத் தொடத் தொட அது தன்பாட்டில உள்ளுக்க இழுத்துக் கொண்டது. அப்படி ஒரு ரூட் நான் இதுக்கு முன்னுக்குப் பிடிச்சதில்ல.

நீங்க சொன்ன வரிசையிலதான் சுத்தி வந்தன். முழுக்க முடியப் பகல் மூண்டு மணி. இரவு முழுக்க இறுக்கத்தில விட்டு விடியக் கழட்டினன். நேர்மட்டத்தை வச்சு பீலர் (இடைவெளி அளக்கிற தகடு) விட்டுப் பாத்தா ரெண்டு நுனியிலயும் 0.6 மிமீ. உங்கட லொறி 4 மிமீ எண்டு வாசிச்சதால எனக்கு அழுகையே வந்திட்டு, சந்தோசத்தில. மில்லிங்ல சீவி எடுத்து, பிறகு இடையில அறுத்து விட்டன்.

கசியுதா எண்டு பாக்க அப்பா ஒரு வழி சொன்னார். அவர் இளம் வயசில வள்ளத்து எண்ணெய்த் தாங்கி ஒட்டினா அப்படித்தான் பாப்பாங்களாம். வெளியில ஒட்டுச் சுத்தவர சோக்கு பூசிக் காய விட்டு, உள்ளுக்க மண்ணெண்ணெய் தடவிட்டு இருந்தம். மூண்டாம் போர்ட்டில, ஒட்டை விட்டுத் திரும்பத் தொடங்கின இடத்தில, கடுகளவு ஒரு ஈரப்பொட்டு. கண்ணுக்கு ஓட்டை ஒண்டும் தெரியல்ல, ஆனா பொட்டு பரவிக்கொண்டே வந்தது. மண்ணெண்ணெயை நல்லாக் கழுவிக் காய வச்சிட்டு, அந்த இடத்தைத் தோண்டித் திரும்பப் பிடிச்சன். ரெண்டாந்தரம் சோக்கு வெள்ளையா நிண்டது.

போட்டு, ஒருக்காச் சூடேத்தி, ஆறினாப் பிறகு நட்டுகளைத் திரும்ப இறுக்கினன். எல்லாம் கால் சுத்து வந்தது. இப்ப 800 கிலோமீற்றர் ஓடிட்டு. டிக் சத்தம் இல்ல. முந்தநாள் அம்மாவை முன்னுக்கு இருத்தி குச்சவெளி போய் வந்தம். அவ மூக்கை வச்சு வச்சுப் பாத்திட்டு, டீசல் மணம் இல்ல எண்டு சொன்னா.

ஒரு சந்தேகம். சூட்டுப் பெயின்ட், 600 பாகை எண்டு எழுதியிருந்தது, அடிச்சிருந்தன். ரெண்டாம் போர்ட் எல்போவில மட்டும் உரிஞ்சு சாம்பல் நிறமா நிக்குது. உள்ளுக்க ஏதும் பிழையா இருக்குமா?

பாலையூற்று வெல்டர்

நல்ல வேலை தம்பி. 0.6 எண்டு வாசிச்சிட்டு எழும்பி ஒருக்கா நடந்திட்டு வந்து இருந்தனான்.

எல்போவில உரியிறது ஒட்டுப் பிழை இல்ல. எல்போ பைப்புகள் கறுப்பு மில் செதிலோட வாறது, அதுக்கு மேல அடிச்ச பெயின்ட் செதிலோட சேர்ந்து உரியும். கம்பி பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் மட்டும் தேய்ச்சு, அசிற்றோனில துடைச்சு, மெல்லிசா ரெண்டு தரம் அடியுங்கோ. அடிச்ச அண்டைக்கே ஏத்தத்தில கொண்டு போகாம, பத்து நிமிசம் ஓட விட்டு நிப்பாட்டி, ஆற விட்டு, திரும்ப இருபது நிமிசம். பெயின்ட் இறுகுறதே அந்தச் சூட்டிலதான். பைப்பில துணிப்பட்டி சுத்தச் சொல்லி ஆரும் சொன்னாச் சுத்தாதேங்கோ, டச்பே உப்பு ஈரத்தை அது பிடிச்சு வச்சிருக்கும், இரும்பு உள்ளுக்குள்ளேயே உக்கிடும்.

ரெண்டாம் போர்ட் மற்றதை விடச் சூடா இருக்கோ எண்டும் ஒருக்காப் பாருங்கோ. அந்தப் போர்ட்டுக்குரிய இன்ஜெக்டர் டீசலை அளவுக்கு அதிகமாத் தெளிச்சாலும் அதிலதான் முதல் உரியும்.

டச்பே வான்

சரி ஐயா, இன்ஜெக்டர் நாலையும் கழட்டிக் காட்டுறன். அடுத்த சனி கண்டி ஹயர் இருக்கு. பலகடுவ ஏறி இறங்கி வந்து, ஆற விட்டு, நட்டையும் பாத்திட்டு எழுதுறன்.